திறாங்கு இல்லாத யன்னல்கள்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மருந்துக்கடை மேசையில், மின்விசிறிக் காற்றுக்கு டொக்டர்மார் எழுதிய மருந்துத் துண்டுகள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளைத் திறாங்கை வைத்திருக்கிறேன். யன்னலை உள்ளிருந்து பூட்டுகிற பழைய காலத்துத் திறாங்கு. ஒரு சாண் நீளம், கையில் எடுத்தால் நல்ல பாரம். அதன் இடுக்குகளுக்குள் வெள்ளையாக ஒரு பசை காய்ந்து கிடக்கிறது. ஊசியால் கிண்டினால் வந்துவிடும், நான் கிண்டவில்லை. இது என்னவென்று யாராவது கேட்டால், அத்தானின் நினைவாக வைத்திருக்கிறேன் என்பேன். உடனே முகத்தை வாட்டிக்கொண்டு, எப்போது தவறினார் என்று கேட்பார்கள். தவறவில்லை, வெள்ளவத்தையில் சுகமாக இருக்கிறார் என்று சொல்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் உண்டு.

அத்தான் என் அக்காவின் கணவர். ஒரு லிஃப்ட் கம்பனியில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியாட்களுக்கு அவரைப் போல ஒரு நல்ல மனிதர் கிடையாது. கலியாண வீடுகளில் கிழவிகளுக்குக் கதிரை இழுத்துப் போடுவார், எவர் வீட்டில் மின்சாரம் நின்றாலும் சேர்ட் கையை மடித்துக்கொண்டு போய் நிற்பார். எங்கள் சொந்தக்காரர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நானும் சில வருடங்கள் கொண்டாடியவள்தான். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் மனிதர் யார் என்று தெரிந்தது.

வீடு அக்காவின் சீதனம். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மாரி வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும், அம்மா முதுகைத் தடவிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பா. அதனால் அவளுக்குக் கலியாணம் பேசியபோது, அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்த தோட்டக் காணியை விற்று, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசியில் இந்த வீட்டை வாங்கினார். பழைய வீடு, கூரை ஒழுகும், குசினி இருட்டு. எல்லாரும் ஏன் இதை வாங்கினாய் என்று அவரைத் திட்டினார்கள். அப்பா ஹோலில் மேற்குப் பக்கமாக இருந்த மூன்று பெரிய யன்னல்களைத் திறந்து காட்டினார். ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். அந்தக் காற்றில் அக்கா மூச்சு விடுவாள் என்பதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கு பிழைக்கவில்லை. பல வருடங்களாக அக்கா பின்னேரங்களில் நடு யன்னலடியில் பிளேன்டீயுடன் உட்கார்ந்திருப்பாள், நெஞ்சு அமைதியாக இருக்கும்.

அத்தான் ஓய்வு பெற்ற வருடம், என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு விளையாட்டுக் கடையை மூடினார்கள். காசு போட்டு விளையாடுகிற பெரிய மெசின்கள், அலுமாரி உயரத்தில், நடுவில் ரெலிவிசன் மாதிரி ஒரு திரையும் கீழே ஒரு கைபிடியும். அவற்றில் ஒன்றை அத்தான் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். இளைஞனாகக் கொழும்புக்கு வந்த புதிதில், அந்தக் கடை வாசலில் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். உள்ளே போகக் கையில் காசு இருக்காதாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழதழக்கும், கேட்கிறவர்களும் உருகுவார்கள். நான் உருகவில்லை. எல்லாருக்கும் இளமையில் கிடைக்காத ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாரும் அதைக் கொண்டுவந்து மனைவியின் ஹோலில் அடுக்குவதில்லை.

ஒன்று இரண்டாகியது, இரண்டு ஒரு வரிசையாகியது. மூடிய ஹோட்டல்கள், பழைய கிளப்புகள், கொம்பனித்தெருவில் இடிக்கப்போகிற ஒரு கட்டடத்தின் கீழ்மாடி என்று எங்கெல்லாமோ போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். கைவேலை தெரிந்தவர் என்பதை நான் மறுக்க மாட்டேன். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் படக்குழாய்க்குள் அது பதுங்கிக் கிடக்குமாம். நீளமான ஸ்குரூ டிரைவரில் வயரைக் கட்டி, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, ரப்பர் மூடிக்குள் மெல்ல நுழைத்துத் தொடுவார். டப் என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகுதான் மற்றக் கையை வெளியே எடுப்பார். பக்கப் பலகைகளில் உரிந்துபோன படங்களைத் தாள் வெட்டி அச்செடுத்து, அதே நிறத்தைக் கலந்து, புதுசு போலத் தீட்டுவார். அந்தப் பொறுமையில் கொஞ்சம் அக்காவுக்கும் கிடைத்திருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

வேலை முடிந்த மெசினை மேற்குச் சுவரோடு, யன்னல்களுக்கு முதுகு காட்டி, இடைவெளி இல்லாமல் தள்ளி வைப்பார். முன்பக்கமும் பக்கங்களும் பளபளக்கும். முதுகுக்குப் பெயின்ற் அடிப்பதில்லை, அதை யார் பார்க்கப் போகிறார்கள். ஒருமுறை முடித்த மெசினைத் திரும்பத் திறக்கவும் மாட்டார். லிஃப்ட் கம்பனியில் பழகிய பெருமை அது. சரியாகச் செய்த வேலையைத் திறந்து பார்ப்பவன் தன்னைத் தானே நம்பாதவன் என்பார்.

நடு ஹோலில், சுவரிலிருந்து தள்ளி, ஏசிக்கு நேர் கீழே இருந்தது அவருடைய செல்லப்பிள்ளை. கப்பல் மெசின் என்று எல்லாரும் அதைச் சொல்வோம். நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பது போன்ற ஒரு இரும்புக் குழாயைக் கண்ணோடு வைத்துப் பார்த்தால், உள்ளே நீலப் பெயின்றில் ஒரு கடல் தெரியும். சங்கிலியில் தகரக் கப்பல்கள் ஊர்ந்து வரும், பொத்தானை அமுக்கினால் ஒரு சின்ன வெளிச்சம் ஓடிப்போய் அவற்றை மூழ்கடிக்கும். வருகிறவர்களுக்கு அத்தான் ஒரு தகரப்பேணியிலிருந்து பழைய நாணயம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதைப் போட்டு விளையாடச் சொல்வார். பிறகு பெட்டியைத் திறந்து நாணயத்தைத் திரும்பப் பேணிக்குள் போடுவார். அக்காவுக்கு ஒருநாளும் அந்தப் பேணியிலிருந்து ஒன்று கிடைத்ததில்லை. அவளுக்கு இதெல்லாம் விளங்காது என்று அவள் முன்னாலேயே சொல்வார், அவள் தட்டில் பிஸ்கட் நீட்டிக்கொண்டு நிற்பாள்.

பிறகு அவருடைய கண் யன்னல்களில் விழுந்தது. கடற்காற்றில் உப்பு. உப்பு இரும்பைத் தின்னும், செப்பைத் தின்னும், மின்பலகையைத் தின்னும். முதலில் பின்னேரம் மட்டும் சாத்தச் சொன்னார். பிறகு நாள் முழுக்க. பிறகு ஒருநாள் கடையில் சிலிக்கன் பசை வாங்கி வந்து, மூன்று யன்னல்களின் விளிம்பையும் திறாங்குகளையும் சேர்த்து அப்பி மூடினார். ஏசி மெசின்களுக்காக ஓடியது. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடக்கூடாது, புகை ஆகாது. குசினியில் கருவாடு பொரிக்கக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. கனடாவில் இருக்கும் மகன் மெசின்களின் படத்தை இணையத்தில் போட்டுவிட்டு, அப்பாவுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே அம்மா என்று போனில் சொன்னான். அவனுக்கு அங்கே யன்னல் திறப்பதும் மூடுவதும் அவன் விருப்பம்.

அக்காவுக்கு மாதா மாதம் தொய்வுக்கு வாயில் வைத்து இழுக்கிற பம்ப் கொண்டுபோய்க் கொடுப்பது நான். அதனால் எல்லாருக்கும் முதல் எனக்குத்தான் தெரிந்தது. ஒரு மாதத்துக்குக் காணும் என்று கொடுத்தது பாதி மாதத்தில் முடிந்தது. கதைக்கும்போது வசனத்தின் நடுவில் நின்று மூச்சு எடுத்தாள். ஹோலை விட்டு குசினிக்குப் போய், பின்கதவடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரப் பழகியிருந்தாள். அந்தக் கதவு பக்கத்து வீட்டு மதிலைப் பார்க்கிறது.

"இது உங்கட வீடு அக்கா. போய் யன்னலைத் துறவுங்கோ" என்றேன்.

"விடடி. அவருக்கு அதில ஒரு சந்தோசம்."

"உங்கட நெஞ்சுக்கு?"

"தேத்தண்ணி ஆறுது, குடி."

அத்தானில் இருந்த கோபத்தில் பாதி எனக்கு அக்காவிலும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல், குசினிக்குப் போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து, இரண்டு மெசின்களைக் கொஞ்சம் விலக்கி, நடுவில் கையை நுழைத்து, நடு யன்னலின் சிலிக்கனை அறுத்துத் திறாங்கை இழுத்தேன். யன்னல் அடித்துக்கொண்டு திறந்தது. அந்த நேரம் பார்த்து ரயிலும் போனது. அக்கா குசினி வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது. அத்தான் வெள்ளைக் கையுறையுடன் பின் அறையிலிருந்து வந்தார். கத்தியையும் யன்னலையும் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"இஞ்சரும், இது மீன்கடை இல்லை எண்டு உம்மட தங்கச்சியிட்டச் சொல்லும்" என்றார் அக்காவிடம்.

அன்றைக்கே முன்பைவிடத் தடிப்பாகச் சிலிக்கன் அப்பினார். அதன் பிறகு என்னோடு நேரே கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் எதிரே நின்றாலும், உம்மட தங்கச்சிக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேளும் என்று அக்கா வழியாகத்தான் வரும். அக்கா என்னைப் பார்த்து, வேணுமோ என்பாள். வேணாம் எண்டு சொல்லுங்கோ என்பேன். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தபால்காரி ஆக்கி வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு வந்த மாரியில் அவர் வீட்டுக்குள்ளேயே ஸ்பிரே பெயின்ற் அடிக்கத் தொடங்கினார். வெளியே அடித்தால் ஈரம் பிடிக்குமாம். மூடிய வீடு, மூடிய யன்னல், பெயின்ற் மணம். அக்காவை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான். உதடு நீலம் பூத்திருந்தது. முகமூடியில் ஒக்சிசன் கொடுத்து, அவள் கண் திறந்து என்னைத் தேடியபோதுதான் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் அத்தான் வந்தார். நகக்கண்ணில் சிவப்புப் பெயின்ற். கட்டிலடியில் கொஞ்சம் நின்றார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இரண்டாவது கோட் பெயின்ற் அடிச்சுப்போட்டு வந்தனான். தூசி பட முன்னம் போகவேணும்" என்றார்.

அக்கா முகமூடிக்கு மேலால் அவரைப் பார்த்தாள். அவர் போன பிறகு முகமூடியை விலக்கி, "நான் உன்னோட வாறன்" என்றாள். டொக்டரும் அந்த வீட்டுக்கு இப்போது போகவேண்டாம் என்றார். கடைக்கு மேலே என் வீடு. கீழே லொறிச் சத்தம், கோயில் மணி, துறைமுகத்தில் கப்பல் ஊதும். ஆனால் முன்னாலும் பின்னாலும் யன்னல் திறந்திருக்கும். அக்கா பகலில் கடைக்கு இறங்கி வந்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரைக் கவர்களை ஒட்டித் தந்தாள். கலியாண வீடுகளில் சனம் சும்மா இருக்கவில்லை. அறுபது வயதில் மனிசனை விட்டிட்டு வந்திட்டாவாம், ஒரு கேம் மெசினுக்காகவாம். மனிசன்தான் மெசினுக்காக விட்டவர் என்று நான் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாருக்கும் சொன்னேன்.

கூட்டிப்போக அத்தான் ஒருமுறை வந்தார். கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் ஒரு ஆள் அங்கே இருப்பதே தெரியாதவர் போல அக்காவிடம் கதைத்தார்.

"யோசிச்சுப் பாத்தனான். மூண்டையும் துறக்கேலாது. ஒரு யன்னலைத் துறக்கலாம். மழைக்குணம் இல்லாத நாளில. பின்னேரம் ஒரு கொஞ்ச நேரம்."

"மிச்ச நேரம் மூச்சு விடாமல் இருக்கட்டே?"

"நீர் எல்லாத்தையும் பெருப்பிச்சுக் கதைக்கிறீர்."

அக்கா அடுத்த கவரை எடுத்துப் பசை தடவினாள். அவர் திரும்பிப் போனார். விட்டுக்கொடுக்கிறேன் என்று தானே நம்பிக்கொண்டு போகிற நடை அவருடையது.

பங்குனி வெயிலில், அக்காவின் சேலைகளை எடுத்துவர நான் வெள்ளவத்தைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு ஹோட்டல்காரர் வந்திருந்தார். தன் ஹோட்டல் வரவேற்பறையில் வைக்க, சுவரோடு இருந்த வரிசையை அப்படியே விலைக்கு எடுக்கப் போகிறாராம். கிராண்ட்பாஸிலிருந்து சாமான் தூக்குகிறவர்கள் வந்திருந்தார்கள். அத்தான் மலர்ந்த முகத்தோடு, மெல்ல மெல்ல என்று சொல்லிக்கொண்டு நின்றார். நான் சேலைப் பையுடன் அறை வாசலில் நின்று பார்த்தேன். கார்ப் பந்தய மெசினை இரண்டு பேர் அடியில் பிடித்துத் தூக்கினார்கள். பலகை அப்பளம் மாதிரி நொறுங்கி அவர்கள் கையோடு வந்தது. உள்ளே இருந்த படக்குழாய் நழுவி விழுந்து உடைந்தது. பின்னால் சுவர் முழுக்க மண் கோடுகள். நிலத்திலிருந்து மெசின்களின் முதுகுக்கு, முதுகிலிருந்து யன்னல் சட்டத்துக்கு. மினுக்கிய தரையில் வெள்ளை வெள்ளையாகக் கறையான் உதிர்ந்தது.

"ஐயோ மாத்தயா" என்று தூக்க வந்தவர்களில் ஒரு சிங்களவர் சொல்லிவிட்டுக் கையை உதறினார்.

அடுத்ததைத் தட்டிப் பார்த்தார்கள். அதற்கடுத்ததையும். எல்லாம் ஒன்றுதான். வெளிச்சமும் காற்றும் வருடக்கணக்காகப் படாத அந்தச் சுவரோரம் கறையானுக்குச் சீதன வீடாகிவிட்டது. பெயின்ற் அடிக்காத முதுகால் ஏறி, உள்ளே இருந்த பலகையை ஆறுதலாகத் தின்று முடித்து, அத்தான் தீட்டிய படங்களை மட்டும் தொடாமல் விட்டிருந்தது. அவர் முழங்காலில் இருந்து ஒரு பந்தயக் காரின் படத்தைத் தூக்கினார். பின்னால் மரமே இல்லாமல், பெயின்ற் மட்டும் ஒரு தோலாகக் கையில் வந்தது. ஹோட்டல்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார், அப்படியே போய்விட்டார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. சும்மா கொஞ்சம் இல்லை, நெஞ்சு நிறையச் சந்தோசம்.

அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து என்னோடு நேரே கதைத்தார்.

"உன்ர அக்காவுக்குச் சொல்லிப்போடாதை."

"ஓட்டோ வந்திட்டுது அத்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அக்காவிடம் ஒன்றும் விடாமல், கொஞ்சம் கூட்டியும்தான், சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் அழுவாள் என்று. இரண்டும் நடக்கவில்லை.

"யன்னல் சட்டத்திலயும் ஏறியிட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்பா பாத்துப் பாத்து வாங்கித் தந்த யன்னலடி" என்றாள். பிறகு, "நாளைக்கு ஒரு ஓட்டோ சொல்லு" என்றாள்.

மறுநாள் போனவள் ஹோலின் நடுவில் நின்று அத்தானிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "மெசின் எல்லாம் வெளிக்கிட வேணும். நீங்கள் நிக்கலாம்." அவ்வளவுதான். வீடு அவள் பெயரில் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்திருக்க வேண்டும். கறையான் மருந்து அடித்து மணம் போகும்வரை அக்கா என்னோடு இருந்தாள். பிறகு தச்சுவேலைக்காரரை வைத்து, தின்ற சட்டங்களை வெட்டிப் புதுச் சட்டம் போட்டாள். திறாங்கைத் திரும்பப் பொருத்தட்டுமா என்று தச்சுவேலைக்காரர் கேட்டார். வெளியில கிறில் இருக்குத்தானே, திறாங்கு வேண்டாம் என்றாள். மூன்று திறாங்கையும் ஒரு பையில் போட்டு என் கையில் தந்தாள்.

"அந்தக் கப்பல் மெசினை மட்டும்" என்று அத்தான் தொடங்கினார். அது சுவரிலிருந்து தள்ளி இருந்ததால் கறையான் தொடவில்லை.

"அது நிக்கட்டும்" என்றாள் அக்கா.

பாவி மனிசன் நன்றி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இளகிவிட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா தச்சுவேலைக்காரரைக் கூப்பிட்டாள். "அதை நடு யன்னலடிக்குத் தள்ளுங்கோ. முகம் கடலைப் பாக்க. இன்னும் கிட்ட. இன்னும் கொஞ்சம்." ஏசியையும் கழற்றிவிடச் சொன்னாள். அத்தானுக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும்தான்.

முதலில் திருகாணிகளில் புள்ளி புள்ளியாகத் துரு வந்தது. பிறகு அந்த இரும்புக் குழாயில். பிறகு உள்ளே சங்கிலி இறுகி, தகரக் கப்பல்கள் நீலக் கடலின் நடுவில் நின்றுவிட்டன. அத்தான் காலையில் எண்ணெய்த் துணியால் துடைக்கிறார், பின்னேரம் உப்பு திரும்ப வருகிறது. அக்கா தன் பிளேன்டீக் கோப்பையை அதன் மேல்தான் வைக்கிறாள். கோப்பை வைத்த வட்டங்கள் அதில் நிறைய இருக்கின்றன. அவளுக்கு நான் கொண்டுபோகும் பம்ப் இப்போது மூன்று மாதத்துக்குக் காணும். அவருக்காக இரங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நானும் எனக்குள் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை.

போன கிழமை அத்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கடையில் ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றார். மெலிந்திருந்தார். மேசையில் இருந்ததைக் கண்டுவிட்டார்.

"அது எங்கட வீட்டுத் திறாங்கு."

"ஓம்."

"மாரி வருது. நடு யன்னலுக்கு மட்டும். ஒண்டு காணும்." அவர் கை மேசைக்குப் பாதி தூரம் வந்து நின்றது. அந்த நகக்கண்ணில் இப்போது பெயின்ற் இல்லை, துருதான் இருந்தது.

"அக்காவைக் கேளுங்கோ அத்தான்."

"கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

அவர் வீதியைப் பார்த்தார்.

"பூட்டலாமாம். மழைக்குணம் இல்லாத நாளில. பின்னேரம் ஒரு கொஞ்ச நேரம்."

நான் திறாங்கை எடுத்து, மருந்துத் துண்டுகளை ஒழுங்காக அடுக்கி, திரும்ப அவற்றின் மேல் வைத்தேன். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா காத்துக்கொண்டு நின்றா. உங்களுக்கு என்ன மருந்து என்று அவவைக் கேட்டேன்.